முன்மாதிரித் தகப்பன்

ஜூலை 30

அன்புள்ள பட்டாணி அம்மாவுக்கு,

நானும் பட்டாணியும் சுகம். மேல்வீட்டுக் குழாய்க்குத்தான் உடம்பு சரியில்லை, சளி பிடித்த மாதிரி நாள் முழுக்க ஒழுகுகிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நீ பார்த்துக்கொள்கிற அந்தப் பெரியவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது இடுப்பை வளைக்காதே, முழங்காலை மடக்கு. யோசனை சொல்வதில் நான் பெரிய டாக்டர். பிழைப்புக்குத்தான் தையல் மிஷின் மெக்கானிக்.

ஞாயிற்றுக்கிழமை போனில் உனக்கு அந்த வேலை வீட்டார் விடுகிற கொஞ்ச நேரம், நீ அழுவதற்கும் நான் உளறுவதற்குமே சரியாகப் போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

பட்டாணி பள்ளிக்கூடத்துக்குப் புதுத் தலைமையாசிரியர் வந்திருக்கிறார். வந்த கையோடு ஒரு திட்டம். மாதக் கடைசிச் சனிக்கிழமை அப்பா, அம்மா இரண்டு பேரும் வகுப்புக்கு வர வேண்டும். பிள்ளை உட்காரும் பெஞ்சிலேயே உட்கார்ந்து, அதன் நோட்டுகளைப் பார்த்து, டீச்சரிடம் பேச வேண்டும். போன மாதம் கம்பெனியில் அவசர ஆர்டர், என்னால் நகர முடியவில்லை. இந்த மாதம் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஏழாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் வந்து தாடையை விசாரித்தன. எழுந்தபோது பெஞ்சும் என்னோடு எழுந்தது. பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகள் சிரித்தார்கள். பட்டாணி சிரிக்கவில்லை.

பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியும் என்னை வேண்டாம் என்று தள்ளிய பள்ளிக்கூடம், இப்போது டீ கொடுத்து உட்கார வைக்கிறது. பார்த்தாயா என் வளர்ச்சியை!

ஒன்றுதான் பிடிக்கவில்லை. யாருடைய அப்பா அம்மா வரவில்லையோ, அந்தப் பிள்ளையை எல்லோர் முன்னும் எழுப்பி ஏன் வரவில்லை என்று தலைமையாசிரியர் கேட்கிறார். ஒரு பையன், "அப்பா லாரி ஓட்டறாரு சார், ஊர்ல இல்ல" என்றான். "பணம் அனுப்பிட்டா அப்பன் ஆயிட முடியுமா? காசுக்குப் பின்னாடி ஓடறவங்க எதுக்குப் புள்ள பெத்துக்கறாங்க?" என்று ஆரம்பித்தவர் லேசில் நிறுத்தவில்லை. பையன் நின்றபடியே பெஞ்சிலிருந்த ஆணியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

பட்டாணியை யாரும் எழுப்பவில்லை. வகுப்பு டீச்சர் என்னிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். நல்ல பெண்.

நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
பெஞ்சிலிருந்து மீட்கப்பட்ட உன் வீட்டுக்காரன்

* * *

ஆகஸ்ட் 14

அன்புள்ள பட்டாணி அப்பாவுக்கு,

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் நன்றாக இருப்பதாக எழுதியதைப் படித்த பிறகுதான் அன்று மூச்சு விட்டேன். முதுகு இருக்கிறது. அது இருக்கும் வரைதான் எனக்கு இங்கே வேலையும் இருக்கும்.

உங்கள் கடிதத்தைப் பெரியவருக்கு வாசித்துக் காட்டினேன். பெஞ்சும் கூடவே எழுந்த இடத்தில் அவருக்கு வாயோரம் அசைந்தது. அவர் மருமகள் ஓடி வந்து, "வலிப்பா?" என்று கேட்டாள். "சிரிப்பும்மா" என்றேன். நம்பவில்லை, டாக்டருக்குப் போன் போட்டுவிட்டாள்.

ஒன்று கேட்கிறேன். இரண்டு பேரும் வர வேண்டும் என்றால், என்னைப் பற்றி யாரும் கேட்கவில்லையா? கேட்டிருந்தால் என்ன சொன்னீர்கள்? உள்ளதைச் சொல்லுங்கள். வெளியூரில், படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்கிற வேலை, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் லீவு என்று சொல்லுங்கள். அந்த மனிதர் பிரசங்கம் செய்தால் செய்யட்டும். பட்டாணியை நிற்க வைத்துச் செய்ய வேண்டாம், உங்களை வைத்துச் செய்யட்டும்.

வகுப்பறையைப் பற்றி ஒரு வரி இல்லை உங்கள் கடிதத்தில். ஜன்னல் எந்தப் பக்கம்? பட்டாணி ஜன்னலை ஒட்டியா, சுவரை ஒட்டியா? பக்கத்தில் உட்காருவது யார்? அவள் இடம் எனக்குத் தெரிந்தால் போதும். மத்தியானம் பெரியவர் கண் அயரும்போது நானும் அங்கே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

அவளுக்கு என் முத்தம். உங்களுக்கு, குழாயை ரிப்பேர் செய்யச் சொல்லி ஒரு திட்டு.

இப்படிக்கு,
பட்டாணி அம்மா

* * *

ஆகஸ்ட் 20

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்களும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஜூன் மாதக் கூட்டத்தில் தங்கள் மகள் எழுந்து, தன் தாயார் காலமாகிவிட்டார் என்றும், தந்தை வேலைக்குப் போயிருக்கிறார் என்றும் சொன்னாள். தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளைகளை இனிமேல் எழுப்பிக் கேட்கக் கூடாது என்று தலைமையாசிரியர் அன்றே சொல்லிவிட்டார். ஜூலைக் கூட்டத்துக்குத் தாங்கள் வந்தபோது நான் துக்கம் விசாரித்தேன். தாங்கள் எதுவும் பேசாமல் தலை குனிந்து நின்றது இன்னும் என் மனதில் இருக்கிறது.

என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். கூட்டத்துக்கு வருவது பத்துக் குடும்பம்கூட இல்லை. தாயும் தந்தையுமாக இருந்துகொண்டு, வேலையும் பார்த்துக்கொண்டு தங்களால் வர முடிகிறது என்றால் மற்றவர்களால் ஏன் முடியாது என்று தலைமையாசிரியர் கேட்கிறார். ஆகவே பெற்றோர் குழுவுக்குத் தாங்கள்தான் அமைப்பாளராக இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். நாங்கள் சொன்னால் கட்டளையாகத் தெரிகிறது. தங்களைப் போன்ற ஒருவர் சொன்னால் கேட்பார்கள்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
வகுப்பாசிரியை

* * *

ஆகஸ்ட் 23

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. தப்பில்லாத தமிழில் எனக்கு வந்த முதல் கடிதம் இதுதான். பதிலில் தப்பு இருந்தால் சிவப்பு மை போடாமல் விட்டுவிடுங்கள்.

வீட்டு விஷயம் எழுதியிருந்தீர்கள். அதைப் பேச எனக்கு வாய் வருவதில்லை. பள்ளிக்கூட விஷயம் பேசுவோம்.

அமைப்பாளராக இருக்கச் சம்மதம். ஆனால் ஒரு மிஷின் ஓடவில்லை என்றால் அதை உதைப்பதில் பிரயோஜனம் இல்லை, எங்கே இறுகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் கம்பெனியில் சூப்பர்வைசர் கூப்பிடுகிறார் என்றால் யாருக்கும் வேலை போய்விடுமோ என்று பயம். பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தாலும் எங்களுக்கு அதே பயம்தான். பிள்ளை என்ன தப்பு செய்தது என்றுதான் முதலில் தோன்றும். அதனால் கூப்பிட்டதும் பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லுங்கள், குறையைப் பிறகு சொல்லலாம். காலையில் கூட்டம் வைத்தால் கூலிக்காரன் வர மாட்டான், சாயங்காலம் ஷிப்ட் முடிந்த பிறகு வையுங்கள். பெரியவர்களுக்கு நாற்காலி போடுங்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் நாங்களும் பரீட்சையில் தோற்றது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொள்கிறோம்.

வெளியூரில் வேலை செய்கிறவர்கள் மாதம் ஒரு கடிதம் உங்களுக்கு எழுதட்டும். வந்ததாகவே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை எழுப்பி நிற்க வைப்பதை மட்டும் எல்லாருக்கும் நிறுத்த முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

பணிவுடன்,
ஏழாம் வகுப்பு மாணவியின் அப்பா

* * *

அக்டோபர் 3

அன்புள்ள பட்டாணி அம்மாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சுகத்துக்குக் குறைவில்லை, நேரத்துக்குத்தான் குறை. நீயும் பெரியவரும் எப்படி இருக்கிறீர்கள்? அவருக்குச் சிரிப்பு வந்தால் இனி முன்கூட்டியே மருமகளிடம் சொல்லிவிடச் சொல்.

உன் புருஷன் இப்போது பெரிய மனுஷன். பெற்றோர் குழு அமைப்பாளர்! சாயங்காலமானால் வீடு வீடாகப் போகிறேன். கண்டக்டர் ஒருவர் கதவைத் திறக்காமலே பேசினார்.

"புள்ளைக்குப் பாடம் சொல்றது டீச்சர் வேல. டிக்கெட் கிழிக்கறது என் வேல. அவங்க வந்து எனக்கு டிக்கெட் கிழிச்சுக் குடுக்கறாங்களா?"

"குடுக்க மாட்டாங்கதான். ஆனா பஸ்ஸ எங்க கொண்டுபோய் நிறுத்தறாங்கன்னு நீங்க பாக்க வேணாமா? உள்ள உக்காந்திருக்கறது உங்க புள்ளண்ணே."

கதவு திறந்தது. காய்கறிக் கடை அம்மாதான் ரொம்பப் படுத்தினார். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வந்து என்னத்தக் கிழிக்க?" என்றார். "வாரத்துக்கு ஒருநாள் புள்ளைய விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. புரியலன்னா புரியலன்னு சொல்லுங்க. அதுக்கு விளக்கம் சொல்றதுக்காகவாவது அவன் படிச்சாகணும்" என்றேன். இப்போது அந்தப் பையன் அம்மாவுக்குப் புரிய வைத்தே அறிவியலில் தேறிவிட்டான்.

போன கூட்டத்துக்கு முப்பது குடும்பம்! ஊரில் இல்லாதவர்கள் டீச்சருக்குக் கடிதம் எழுதலாம் என்பதும் நான் சொன்ன யோசனைதான். லாரிக்காரர் எழுதிய கடிதத்தை டீச்சர் வகுப்பில் வாசித்தாராம். அந்தப் பையன் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டான்.

பட்டாணி சுவரை ஒட்டி உட்காருகிறாள். இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. வயசு.

டிசம்பரில் லீவு கேட்கப் போவதாகப் போனில் சொன்னாய். இப்போது எதற்கு அவசரம்? கோடை விடுமுறையில் வந்தால் அவளும் நாள் முழுக்க வீட்டில் இருப்பாள். யோசி.

இப்படிக்கு,
அமைப்பாளர் (சம்பளம் இல்லாதது)

* * *

அக்டோபர் 15

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் வகுப்பில் சுவரை ஒட்டி உட்காரும் பிள்ளையின் அம்மா நான். நாங்கள் வீட்டில் பட்டாணி என்று கூப்பிடுகிறவள். அவள் அப்பாதான் உங்கள் பெற்றோர் குழு அமைப்பாளர். ஊரில் இல்லாதவர்கள் கடிதம் எழுதலாம் என்று அவர் சொன்னதால் தைரியமாக எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் வீடு ரொம்பத் தூரம். நினைத்தால் வர முடியாது. அதற்காக என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் உங்களுக்கு உபயோகப்படும் என்றுதான் எழுதுகிறேன்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் அவள் உடனே புரிந்தது என்பாள். அப்படி உடனே சொன்னால் புரியவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினால்தான் புரிந்திருக்கிறது. சத்தம் போட்டால் அவளுக்குக் கை சில்லிட்டுவிடும், எழுத்துக் கோணும். யாரையாவது அவளுக்குப் பிடித்துவிட்டால் அவர்களுக்காகச் சண்டை போடுவாள், பொய்கூடச் சொல்வாள். சின்ன வயதில் நான் தட்டை உடைத்தபோது, தான் உடைத்ததாகப் பாட்டியிடம் சொல்லி அடி வாங்கியிருக்கிறாள். அதை மட்டும் கண்டிக்க எனக்கு மனசு வரவில்லை.

அவள் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்? மத்தியானம் யாரோடு சாப்பிடுகிறாள்? நேரம் இருந்தால் இரண்டு வரி எழுதுங்கள். டிசம்பரில் லீவு கிடைத்தால் உங்களை நேரில் பார்க்க வருகிறேன்.

நன்றியுடன்,
பட்டாணியின் அம்மா

* * *

அக்டோபர் 27

அன்புள்ள அம்மா,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய செய்தி என்று தங்களுக்குத் தெரிய நியாயமில்லை. தங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. இங்கே எல்லோரும் தாங்கள் இறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் மாதம் தங்கள் மகள்தான் அப்படிச் சொன்னாள். நேற்று அவளைத் தனியாக அழைத்துக் கேட்டேன். மறைக்கவில்லை. "வெளியூர்ல வேலைன்னு சொன்னா சார் எங்கம்மாவத் திட்டுவாரு மிஸ். எனக்கு முன்னாடி நின்னவன எப்படித் திட்டுனாருன்னு பாத்தேன். செத்துப்போனவங்கள யாரும் திட்ட மாட்டாங்கல்ல?" என்றாள். அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள்.

தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, பயந்துவிட்டார். டிசம்பரில் ஆண்டு விழா. கல்வி அதிகாரிகள் வருகிறார்கள். தாயில்லாப் பிள்ளையை வளர்த்துக்கொண்டு முப்பது குடும்பங்களைப் பள்ளிக்கு அழைத்து வந்தவர் என்று தங்கள் கணவருக்கு முன்மாதிரிப் பெற்றோர் கேடயம் கொடுக்க ஏற்பாடாகியிருக்கிறது, மேலிடத்துக்கு எழுதியும் ஆகிவிட்டது. இப்போது உண்மை வெளியே வந்தால், மாணவி பொய் சொன்னதாக நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும், அது அவள் சான்றிதழிலும் ஏறும் என்கிறார். விழா முடியும் வரை தாங்கள் வராமல் இருந்தால் நல்லது என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். இதை எழுதிய கையை எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் பக்கத்தில் உட்காருவது லாரிக்காரர் மகன். சாப்பாட்டு வேளையிலும் அவனோடுதான்.

தங்கள்,
வகுப்பாசிரியை

* * *

நவம்பர் 4

பட்டாணி அப்பாவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. செத்தவளுக்கு என்ன வரப்போகிறது?

டீச்சர் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். நீங்கள் போனில் சொன்னபடி நாற்காலி போடச் சொன்னது, குறையைப் பிறகு சொல்லச் சொன்னது, எல்லாம் நல்ல யோசனைதான். ஊரான் பிள்ளைகளின் அம்மாக்களையெல்லாம் வீடு வீடாகப் போய்க் கூட்டிவந்தீர்கள்.

பட்டாணி மேல் எனக்குக் கோபமில்லை. என்னை ஒருவர் ஏசக் கூடாது என்பதற்காக அவள் என்னைச் சாகடித்தாள். அதைப் படித்தபோது அழுகையோடு பெருமையாகக்கூட இருந்தது. நீங்கள் எதற்காக என்னை எழுப்பவில்லை? தெரியாதது மாதிரி கேட்கிறேனே தவிர எனக்குத் தெரியும். பெண்டாட்டியை வெளியூரில் உழைக்க விட்டு வீட்டில் இருக்கிற ஆம்பளை என்றால் தெருவில் ஒரு இளக்காரச் சிரிப்பு உண்டு. பெண்டாட்டி போய்ச் சேர்ந்தவன் என்றால் முன்வரிசையில் இடம் உண்டு. உங்களுக்கு முன்வரிசை பிடித்துப் போயிற்று.

எனக்கு லீவு கிடைத்துவிட்டது. ஆண்டு விழாவுக்கு வருகிறேன்.

பட்டாணி அம்மா

* * *

நவம்பர் 20

அன்புள்ள பட்டாணி அம்மாவுக்கு,

நீ நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்காமல் கடிதம் ஆரம்பிக்கத் தெரியவில்லை. நலமா?

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். எல்லாவற்றிலும் தமாஷ் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அன்றைக்கு டீச்சர் என் முன்னால் வந்து துக்கம் விசாரித்தபோது முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பிப் பட்டாணியைப் பார்த்தேன். கண்ணாலேயே கெஞ்சினாள். அப்போது சும்மா இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, "ஏன்டி அப்படிச் சொன்ன?" என்றேன். "நீயும் அப்படியே சொல்லிடுப்பா" என்றாள். அதற்குப் பிறகு சொல்லலாம் சொல்லலாம் என்று நாள் போய்விட்டது. நூல் சிக்கிக்கொண்டால் மிஷினை உடனே நிறுத்த வேண்டும் என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற நானே ஓட்டிக்கொண்டிருந்துவிட்டேன். நீ எழுதிய அந்த முன்வரிசை விஷயத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

இப்போது சொல்வதைக் கோபப்படாமல் படி. நீ வா. விழாவுக்கும் வா. ஆனால் பட்டாணியின் சித்தியாக வா. உனக்குத் தங்கச்சி கிடையாது என்று இங்கே யாருக்குத் தெரியும்? நாம் இந்தப் பக்கம் குடிவந்து மூன்று மாதத்தில் நீ வேலைக்குப் போய்விட்டாய். டீச்சர் சொல்ல மாட்டார். பட்டாணி சான்றிதழில் கறை படாது. விழா முடிந்ததும் சமயம் பார்த்து நானே எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். இது சத்தியம்.

பட்டாணியிடமும் சொன்னேன். "அம்மா இதுக்கு ஒத்துக்குவாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

* * *

டிசம்பர் 30

பட்டாணி அப்பாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பெரியவருக்கு நான் இல்லாதபோது முதுகில் புண் வந்துவிட்டது, அதற்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் இருந்த நாட்களில் இதையெல்லாம் உங்களிடம் பேசவில்லை. பேச ஆரம்பித்தால் பட்டாணி கதவுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுகிறாள். அதனால் எழுதுகிறேன்.

விழாவில் மூன்றாவது வரிசையில் காய்கறிக் கடை அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நல்ல மனுஷி. என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா போனப்புறம் நீயாவது எட்டிப் பாத்தியேம்மா. உங்க மாமா சொக்கத்தங்கம். ஒத்தை ஆளா நின்னு இந்தப் புள்ளைய ஆளாக்கறாரு. ஆமா, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார். ஆகிவிட்டது என்றேன். "அடடா" என்றார். அவ்வளவு வருத்தம் அவருக்கு. என் புருஷனுக்கே என்னைக் கட்டிவைக்கப் பார்த்தார். வேறு ஒரு நாளாக இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லி நாம் இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

பிறகு உங்களை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கேடயம் கொடுப்பதற்கு முன்னால் தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்து, மறைந்த அந்தத் தாய்க்காக எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம் என்றார். அவருக்கு உண்மை தெரியும். அதிகாரிகள் எழுந்தார்கள். கண்டக்டர் எழுந்தார். காய்கறிக் கடை அம்மா எழுந்தார். நானும் எழுந்து நின்றேன், எனக்காக. நீங்கள் மேடையில் தலை குனிந்து நின்றீர்கள். நன்றாகக் குனியக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். டீச்சர் மட்டும் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். சான்றிதழுக்காக, அவளுக்காக என்று சொல்லிக்கொண்டேன்.

கிளம்பும்போது நீங்கள் டிக்கெட் எடுக்கப் போயிருந்தீர்கள். பஸ் படியில் நானும் பட்டாணியும் மட்டும்தான். பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. என் பையை உள்ளே தூக்கி வைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்று, "போயிட்டு வாங்க சித்தி" என்றாள்.

வேண்டுமென்று சொல்லவில்லை. ஒரு வாரம் பழகிய வாய். சொன்ன பிறகு அவளுக்கே தெரிந்து முகம் வெளுத்துவிட்டது. டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான்.

அவளைத் திட்டாதீர்கள். எனக்கு உங்களிடமிருந்து ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அடுத்த கூட்டத்தில் எழுந்து எல்லோர் முன்னும் உண்மையைச் சொல்லுங்கள். ஒரு குழந்தை பயந்து சொன்ன வார்த்தையை, பயப்படத் தேவையில்லாத நான்தான் காப்பாற்றிக்கொண்டு வந்தேன் என்று சொல்லுங்கள். பெரியவன் ஏற்றுக்கொண்டால் சின்னப் பிள்ளையைத் தண்டிக்க மாட்டார்கள். சொன்ன பிறகு எழுதுங்கள். அதுவரை எழுத வேண்டாம்.

* * *

மார்ச் 2

அன்புள்ள பட்டாணி அம்மாவுக்கு,

உன் முதுகு எப்படி இருக்கிறது? பெரியவரின் புண் ஆறியதா? இங்கே உடம்புக்குக் குறையில்லை.

எழுத வேண்டாம் என்றாய். ஜனவரிக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சலும் வந்தது, ஆனால் சொல்லி அனுப்பிய பிறகுதான் வந்தது. நேற்று முன்தினம் கூட்டத்துக்குப் போனேன். இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். ஹால் நிறைந்துவிட்டது. நாற்காலி போதாமல் பின்னால் நின்றார்கள். எழுந்தேன். "உங்க எல்லார்கிட்டயும் ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். உடனே கைதட்டிவிட்டார்கள். கண்டக்டர் விசில்கூட அடித்தார். அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் நின்று யோசித்துப் பார்த்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் குடிதண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வதைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளைகள் சுவரோரமாக நின்றிருந்தார்கள். அங்கிருந்து பட்டாணி நடுவில் வந்து நின்றாள்.

"எங்கம்மா சாகல. உயிரோட இருக்காங்க. வெளியூர்ல ஒரு தாத்தாவப் பாத்துக்கற வேலை செய்யறாங்க. விழாவுக்கு வந்தது சித்தி இல்ல, எங்கம்மாதான். நான்தான் பொய் சொன்னேன்."

என் பெயர் அதில் வரும் என்று காத்திருந்தேன். கடைசி வரை வரவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை.

தலைமையாசிரியர், "உக்காரும்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அவள் உட்காரவில்லை. டீச்சர் வந்து அவள் தோளில் கை வைத்து நின்றார். லாரிக்காரர் மகனும் எதற்கென்று தெரியாமலே வந்து பக்கத்தில் நின்றான். காய்கறிக் கடை அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "அப்ப அன்னிக்கு அந்தப் பொண்ணு கையப் புடிச்சுட்டு நான் என்னென்னமோ பேசினேனேய்யா" என்றார். கண்டக்டர், "அப்ப நாம நின்ன மௌனம்?" என்று யாரிடமோ கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. நானும் முதல் தடவையாக ஒரு தமாஷும் சொல்லவில்லை.

சான்றிதழில் ஒன்றும் ஏறாதாம். ஏற்றினால் அதில் தன் பெயரையும் சேர்த்து ஏற்றுங்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டாராம். கேடயத்தை மட்டும் பள்ளி அலுவலகத்தில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார்கள். வைத்துவிட்டேன். சித்திரவேலை செய்த பித்தளை, துடைக்கிற வேலை மிச்சம்.

வீட்டில் சமையல், சாப்பாடு எல்லாம் வழக்கம்போலத்தான். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். நேற்றுச் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதினாள். "நானும் அம்மாவுக்கு எழுதறேன், ஒரே கவர்ல வெச்சிடலாம்டா கண்ணு, ஸ்டாம்ப்பு மிச்சம்" என்றேன். "வேணாம்பா" என்றாள். தனிக் கவரில் போட்டு அவளே ஒட்டிவிட்டாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

தபால் பெட்டியில் போடத்தான் என்னிடம் கொடுத்தாள். கவரின் மேலே பார்த்தேன். அனுப்புநர் இடத்தில் நம் வீட்டு முகவரி இல்லை. பள்ளிக்கூட முகவரியைப் போட்டு, வகுப்பாசிரியை மூலம் என்று எழுதியிருக்கிறாள். உன் பதில் இந்த வீட்டுக்கு வர வேண்டாமாம்.

இரண்டு கவரையும் ஒன்றாகத்தான் பெட்டியில் போடப் போகிறேன். உனக்கு எது முதலில் கிடைத்தாலும் அவளுடையதை முதலில் படி.

இப்படிக்கு,
பட்டாணி அப்பா